தபால் பெட்டியிலிருந்து முப்பத்துநாலு மீட்டர்

பதினேழாம் நம்பர் பஸ்ஸில் தினமும் ஏறுகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘பூப்பிரேக்’. அவள் பஸ்ஸை நிறுத்துவது யாருக்கும் தெரியாது. கதவு திறந்த பிறகுதான் ‘அட, நின்னுடுச்சா’ என்று தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். அவள் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு ஊசியில் நூல் கோக்கலாம். தையல்காரி ஒருத்தி உண்மையிலேயே கோத்தும் காட்டியிருக்கிறாள். பத்தொன்பது வருஷ சர்வீஸில் ஒரு பயணியின் மூக்குகூட முன்சீட்டுக் கம்பியில் இடித்ததில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டிப்போ அறிவிப்புப் பலகையின் முன்னால் பேயறைந்தவள் மாதிரி நின்றாள்.

புதிதாகச் சேரும் டிரைவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சியாளர் தேவை என்று பலகையில் ஒட்டியிருந்தார்கள். ஒரே ஒரு இடம். அந்த வேலையின் மேல் அவளுக்கு வெகுநாளாக ஒரு கண். பதவிக்காக அல்ல. புதுப்பையன்கள் பிரேக்கை மிதிக்கிற மிதியைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பல் கூசும். கரப்பான்பூச்சியை அடிக்கிற மாதிரி மிதிப்பார்கள். அதைத் திருத்திவிட்டுத்தான் ஓய்வு பெறுவது என்று முடிவு கட்டியிருந்தாள்.

ஆனால் அறிவிப்பின் கடைசியில் ஒரு வரி: எழுத்துத் தேர்வு உண்டு, அதில் முப்பது மதிப்பெண்ணுக்கு இயக்கம் பற்றிய கணக்குகள். மாதிரிக்கு ஒன்றும் கொடுத்திருந்தார்கள். ‘மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு பஸ்ஸின் வேகம், பிரேக் போட்டதும் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 3 மீட்டர் வீதம் சீராகக் குறைகிறது. பஸ் நிற்பதற்குள் எவ்வளவு தூரம் செல்லும்?’

“எவ்வளவு தூரமா? போட்டுப் பார்த்தா தெரிஞ்சுட்டுப் போகுது” என்றார் பக்கத்தில் நின்ற மீசை. அவரும் அந்த வேலைக்குப் போட்டி. அவளைவிட மூன்று வருஷம் மூத்தவர். மீசை அதைவிட மூத்தது மாதிரி இருக்கும். “நான் ஒரு கைடு வாங்கிட்டேன். அப்படியே நெட்டுருப் போட்டு, போய் வாந்தி எடுத்துட்டு வந்துடுவேன். நீ எப்படி?”

“நானும் பார்க்கறேன்” என்றாள். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் பாடம் நடக்கும் நேரமெல்லாம் அவள் ஜன்னல் வழியாகத் தெருவில் போகிற லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தவள்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும், ஜன்னல் சட்டத்துக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்த கணவர் கையை நிறுத்தினார். அவர் தச்சர். எதையும் இரண்டு தடவை அளந்து ஒரு தடவை வெட்டுகிற மனிதர், பேச்சும் அப்படித்தான். வெகுநேரம் யோசித்து, “எங்க அக்கா இருக்காங்களே” என்றார்.

சொல்லிவிட்டு, அடி விழுமோ என்று பார்க்கிறவர் மாதிரி அவள் முகத்தைப் பார்த்தார்.

அவருடைய அக்கா பள்ளியில் இயற்பியல் டீச்சர். முறைப்படி அவளுக்கு நாத்தனார். ‘அண்ணி’ என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டு மூன்று வருஷம் ஆகிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, டீச்சர் சந்திலிருந்து கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். ஆளில்லாத நிறுத்தத்தைத் தாண்டிப் பதினேழாம் நம்பர் நிற்காமல் போய்விட்டது. ஓட்டினது தம்பி பெண்டாட்டி. அன்று பள்ளியில் மேலதிகாரிகள் பார்வையிட வந்த நாள். டீச்சர் இருபது நிமிஷம் தாமதம். அதற்கப்புறம் சொந்தபந்தத்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல், “பார்த்தும் பாராமப் போனா, என் தம்பி பெண்டாட்டி! தபால் பெட்டிகிட்ட வரும்போதே என்னைப் பார்த்தா. நினைச்சிருந்தா நிறுத்தியிருக்கலாம்” என்று சொல்லியாகிவிட்டது. இவளும் சும்மா இருக்கவில்லை. “பஸ் என்ன ஆட்டுக்குட்டியா, கையைக் காட்டினதும் நிக்கறதுக்கு?” என்று பதில் அனுப்பினாள். பதில் போகவேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் காரம் சேர்ந்தே போய்ச் சேர்ந்தது.

அதிலிருந்து இருவரும் ஒரே அறையில் இருந்தாலும் பேச்சு தச்சர் வழியாகத்தான் நடக்கும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அவர் இடி வாங்கி வாங்கி நல்ல தாளத்துக்கே வந்துவிட்டிருந்தார்.

“வேணாம்” என்றாள் அவள். அன்று சாயங்காலம் மாதிரிக் கணக்கை மறுபடி எடுத்துப் பார்த்தாள். அப்புறம், “சரி, கேட்டுப் பாருங்க” என்றாள்.

வெள்ளிக்கிழமை டீச்சர் வந்தார். கையில் ஒரு புது நோட்டு, நான்கு கலர் பேனா. சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் டீச்சர், மறுமுனையில் டிரைவர், நடுவில் தச்சர்.

“தம்பி” என்று ஆரம்பித்தார் டீச்சர், சுவரைப் பார்த்து. “திசைவேகம்னா என்னன்னு தெரியுமான்னு கேளு.”

“திசைவேகம்னா தெரியுமா?”

“பஸ் நெத்தியில எழுதியிருக்கிற ஊரைப் பார்த்து, மீட்டர்ல காட்டற வேகத்துல போறது. தெரியும்னு சொல்லுங்க.”

“தெரியுமாம்.”

டீச்சரின் புருவம் ஒரு நூல் ஏறியது. பதில் தப்பில்லை. “முடுக்கம்?”

“முடுக்கம் தெரியுமா?”

“முடுக்குன்னா சந்து. அதுக்குள்ள பெரிய பஸ் போகாது.”

“இல்லம்மா” என்று தச்சர் தன் தொழிலிலிருந்து கைகொடுத்தார். “முடுக்கறதுன்னா திருகாணியை இறுக்கறது.”

டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “ஒவ்வொரு விநாடியும் வேகம் எவ்வளவு மாறுதோ அதுதான் முடுக்கம்னு சொல்லு. ஆக்சிலரேட்டரை அழுத்தினா முடுக்கம், பிரேக்கை அழுத்தினா எதிர்முடுக்கம்.”

தச்சர் மனைவி பக்கம் திரும்பினார். “ஒவ்வொரு விநாடியும் வேகமா மாறணுமாம்.”

“என்ன மாறணும்? கியரா?”

“ஐயோ, கியர் இல்ல!” டீச்சர் மேசையைத் தட்டிவிட்டார். “வேகம்! வேகம் மாறணும்! இப்ப பதினஞ்சு, அடுத்த விநாடி பன்னெண்டு, அதுக்கடுத்த விநாடி ஒன்பது. இப்படி மும்மூணாக் குறையுது பாரு, அந்த மூணுதான்!”

“அதை முதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாமே அண்ணி!”

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. தச்சர் சத்தம் போடாமல் எழுந்து டீ போடுகிற சாக்கில் சமையலறைக்குப் போய்விட்டார். மூன்று வருஷ உத்தியோகத்திலிருந்து ஒரு நொடியில் விடுதலை கிடைத்த மனிதர், அடுப்பின் முன்னால் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டார்.

டீச்சர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நோட்டைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். ஒரு சூத்திரம் எழுதியிருந்தது: தொடக்க வேகத்தை அதனாலேயே பெருக்கு; எதிர்முடுக்கத்தின் இரு மடங்கால் வகு; வருவது நிற்கும் தூரம். “மாதிரிக் கணக்கைப் போடு.”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள். ஐம்பத்துநாலை ஐம்பத்துநாலால் பெருக்கினாள். ஆறால் வகுத்தாள். நானூற்று எண்பத்தாறு வந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த எண்ணை முறைத்துப் பார்த்தாள்.

“என்ன?”

“நானூத்தி எண்பத்தாறு மீட்டரா? அண்ணி, அதுக்குள்ள நான் அடுத்த ஸ்டாப்புல ஆளை இறக்கி, அதுக்கடுத்த சிக்னலுக்கே போயிடுவேன். இது பஸ்ஸா, சரக்கு ரயிலா? தப்பு எங்கேயோ இருக்கு.”

டீச்சர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இருபத்தாறு வருஷமாக வகுப்புக்கு வகுப்பு பிள்ளைகள் இதே தப்பைச் செய்து, இதே நானூற்று எண்பத்தாறை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு நீட்டியிருக்கிறார்கள். ஒருத்தர்கூட இப்படி ஒரு பஸ் உண்டா என்று கேட்டதில்லை.

“மணிக்கு இத்தனை கிலோமீட்டர்னு இருக்கிறதை விநாடிக்கு இத்தனை மீட்டர்னு மாத்திக்கணும்” என்றார், குரல் இறங்கி. “அஞ்சால பெருக்கு, பதினெட்டால வகு. ஐம்பத்துநாலு பதினஞ்சாகும்.”

மாற்றிப் போட்டாள். முப்பத்தேழரை மீட்டர் வந்தது. “ஆங், இது பஸ்” என்றாள். அப்புறம் சூத்திரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு விரலில் ஏதோ எண்ணினாள். “மும்மூணாக் குறைஞ்சா பதினஞ்சும் தீர அஞ்சு விநாடி. ஒரே சீராக் குறையுதுன்னா, மொத்தத்துல பாதி வேகத்துல போன கணக்குத்தானே? ஏழரை. அஞ்சு ஏழரை முப்பத்தேழரை. இதுக்குப் போய் எதுக்கு அந்தப் பெரிய பெருக்கல்?”

“எதுக்கா?” என்றார் டீச்சர். டீயும் சரியாக அப்போது வந்து அவர் மானத்தைக் காப்பாற்றியது.

அதற்கப்புறம் செவ்வாயும் வெள்ளியும் பாடம் நடந்தது. பாடம் என்று பெயர்; பாதி நேரம் வழக்கு. ‘ஒரு பஸ்’ என்று கணக்கு ஆரம்பித்தாலே அவள் குறுக்கே விழுவாள்.

“பஸ்ல ஆள் இருக்கா?”

“இல்ல.”

“ரோடு ஈரமா?”

“இல்ல.”

“ஏத்தமா, இறக்கமா?”

“சமம். காத்து கிடையாது, வளைவு கிடையாது.”

“அப்ப பஸ்ஸும் கிடையாதுன்னு சொல்லிடுங்க அண்ணி. கணக்கு சுலபமா முடிஞ்சுடும்.”

டீச்சர் கோபப்படுவார். ஆனால் மறுநாள் வகுப்பில் அவள் கேட்ட கேள்வியையே பிள்ளைகளிடம் கேட்டுப் பார்ப்பார். வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் ஏன் இரட்டிக்காமல் நாலு மடங்காகிறது என்பதைப் பலகை நிறைய எழுதி நிரூபிக்கத்தான் அவருக்குத் தெரியும். இவளோ, “அது என் காலுக்கே தெரியுமே! அறுபதுல வரும்போது முப்பதுக்குப் போடற இடத்துல போட்டா, ஸ்டாப்பை ஜன்னல்ல பார்த்து டாட்டா காட்டிட்டுப் போகவேண்டியதுதான்” என்று முடித்துவிட்டாள். அந்த வாக்கியம் மறுநாள் அப்படியே வகுப்பில் போய் உட்கார்ந்து, கடைசி பெஞ்சு வரைக்கும் சிரிப்பு வாங்கியது.

இவளுக்கும் ஒன்று புரிய ஆரம்பித்தது. பத்தொன்பது வருஷமாகக் கால் செய்துவந்த வேலைக்கு உள்ளே ஒரு கணக்கு உட்கார்ந்திருக்கிறது. அது தெரிந்தால், காலைக் கழற்றிக் கொடுக்காமலே இன்னொருத்தனுக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

மூன்றாவது வாரம் அவள் ஒரு சந்தேகம் கேட்டாள். “எல்லாம் சரி அண்ணி. கண்ணு பார்த்து, மூளை சொல்லி, கால் பிரேக்குக்குப் போறதுக்கு ஒரு விநாடி ஆகுமே. அந்த விநாடி பஸ் சும்மாவா நிக்கும்? பழைய வேகத்துலயேதான் ஓடும். அதை ஏன் விட்டுட்டீங்க?”

“விடலை. அது அடுத்த பாடம்.” டீச்சர் பேனாவை எடுத்தார். கொஞ்சம் தயங்கி, பச்சைப் பேனாவை வைத்துவிட்டுச் சிவப்பை எடுத்தார். எழுதி, தள்ளினார்.

‘மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பஸ் வருகிறது. அது தபால் பெட்டிக்கு அருகே வரும்போது, ஒரு பெண் கையைத் தூக்கியபடி சந்திலிருந்து ஓடி வருவதை டிரைவர் பார்க்கிறார். டிரைவர் நினைத்தால், பஸ்ஸை நிறுத்தத்தில் நிறுத்தியிருக்க முடியுமா?’

படித்து முடிக்கும்போது அவள் காது சிவந்துவிட்டது. “இதுல தூரம் குடுக்கலையே.”

“அளந்தா தெரியுது.”

“அளக்கலாமே! எனக்கென்ன பயம்?”

“எனக்கு மட்டும் என்ன பயம்?”

தச்சர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பழைய உத்தியோகம் திரும்பி வந்துவிடுவதற்குள் டேப்பைத் தேட ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவில் போக்குவரத்து இல்லாத நேரமாகப் பார்த்து மூன்று பேரும் போனார்கள். தச்சரிடம் இருந்தது ஐந்து மீட்டர் டேப். நடைபாதையில் முழங்கால் போட்டு, ஐந்தைந்து மீட்டராகச் சாக்பீஸில் கோடு கிழித்துக்கொண்டே தபால் பெட்டியிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நகர்ந்தார். பேக்கரிக்காரர் வெளியே வந்து, “ரோடு அகலப்படுத்தப் போறாங்களா? என் கடை போயிடுமா?” என்று கலங்கினார். “இல்லைங்க, குடும்ப விஷயம்” என்றார் தச்சர். பேக்கரிக்காரருக்கு அது இன்னும் குழப்பமாகிவிட்டது.

“முப்பத்துநாலு மீட்டர், பன்னெண்டு சென்டி, நாலு மில்லி” என்று அறிவித்தார் தச்சர்.

“முப்பத்துநாலுன்னு வை” என்றார் டீச்சர்.

நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டது டிரைவர்தான். டீச்சர் பேனாவைத் தொடவில்லை. மணிக்கு முப்பத்தாறு என்றால் விநாடிக்குப் பத்து மீட்டர். கால் பிரேக்குக்குப் போகிற ஒரு விநாடியில் பத்து மீட்டர் ஓடிவிடும். மிச்சம் இருபத்துநாலு. பத்தைப் பத்தால் பெருக்கினால் நூறு. இருபத்துநாலின் இரு மடங்கு நாற்பத்தெட்டால் வகுத்தால் இரண்டு சொச்சம்; பஸ் நிற்க வேண்டிய எதிர்முடுக்கம் அதுதான்.

அவள் அந்த ‘இரண்டு சொச்ச’த்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரத்துக்கு முன்னால் அது வெறும் எண். இப்போது அவள் உள்ளங்காலுக்கு அது தெரிந்தது: எவ்வளவு அழுத்த வேண்டும், பஸ் எப்படி முனகும், பின்னால் நிற்கிறவர்கள் எவ்வளவு சாய்வார்கள் என்று எல்லாம்.

“சொல்லு” என்றார் டீச்சர். “முடியுமா, முடியாதா?”

“எனக்கு ஒண்ணரைதான் எல்லை அண்ணி. ரெண்டுன்னா நிக்கறவங்க ஒருத்தர் மேல ஒருத்தர் சாய்வாங்க. கம்பியைப் பிடிக்காதவங்க ஒண்ணு ரெண்டு பேர் தடுமாறுவாங்க.” பொய் வாய் வரைக்கும் வந்தது. தாளில் இருந்த எண் விடவில்லை. “ஆனா பஸ் நின்னுடும். முடியும். நிறுத்தியிருக்கலாம்.”

தச்சர் டேப்பைச் சுருட்டுவதை நிறுத்தினார்.

“அன்னிக்கு நீங்க ஓடி வர்றதைப் பார்த்தேன்” என்று அவளே தொடர்ந்தாள். “அதுக்கு முந்தின வாரம் எங்க வீட்டுல எல்லாருக்கும் முன்னாடி, ‘ஓட்டறது என்ன பெரிய வித்தையா, ரெண்டு கால் இருந்தா போதும்’னு சொன்னீங்க. அது மனசுல கிடந்தது. சரி, ரெண்டு கால் இருக்கில்ல, நடந்து வரட்டும்னு தோணுச்சு. அரை விநாடிதான். அப்புறம் பார்த்தா ஸ்டாப் தாண்டிடுச்சு. தப்புதான்.”

டீச்சர் வெற்றி பெற்றவர் மாதிரி தெரியவில்லை. கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

“பஸ் தபால் பெட்டிகிட்ட இல்ல.”

“என்னது?”

“நான் சந்துலேருந்து வெளிய வரும்போது பஸ் பேக்கரியைத் தாண்டிடுச்சு. சொல்லும்போது கொஞ்சம் பின்னாடி தள்ளிச் சொன்னேன். முதல் வீட்டுல பேக்கரின்னுதான் சொன்னேன். ரெண்டாவது வீட்டுல தபால் பெட்டி ஆயிடுச்சு. அப்புறம் அதையே சொல்லிச் சொல்லி…”

தச்சர் யாரும் கேட்காமலே எழுந்து போய் பேக்கரி வாசலில் டேப்பை வைத்தார். நிறுத்தம் வரை பதினெட்டு மீட்டர்; சென்டிமீட்டரைப் பற்றி இந்தத் தடவை அவர் பேசவில்லை. அவள் மறுபடி கணக்குப் போட்டாள். ஒரு விநாடிக்குப் பத்து போக மிச்சம் எட்டு. நூறைப் பதினாறால் வகுத்தால் ஆறேகால்.

“ஆறேகாலா!” என்று கத்திவிட்டாள். “அண்ணி, அப்படிப் போட்டா சக்கரம் நின்னாலும் பஸ் நிக்காது, வழுக்கும்! உள்ள இருக்கிறவங்க எல்லாரும் என் மடியில வந்து உக்காருவாங்க! கடவுளே நினைச்சாலும் நிறுத்த முடியாது!”

“தெரியும்.”

“தெரியுமா?”

“அன்னிக்கு சாயங்காலமே போட்டுப் பார்த்தேன்” என்றார் டீச்சர், ரொம்பச் சின்னக் குரலில். “இதே ஆறேகால்தான் வந்தது.”

“மூணு வருஷமா தெரியுமா?”

“கணக்கு வேற, கோபம் வேற.”

அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தரையைப் பார்த்தார். நிறுத்த முடியாத பஸ்ஸை நிறுத்த மனசில்லாமல் இருந்தேன் என்று ஒருத்தி ஒத்துக்கொண்டாயிற்று. முடியாது என்று நிரூபித்து வைத்துக்கொண்டே முடியும் என்று ஊரெல்லாம் சொன்னேன் என்று இன்னொருத்தி ஒத்துக்கொண்டாயிற்று. இதில் யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று எந்தச் சூத்திரத்திலும் இல்லை. முதலில் டிரைவருக்குத்தான் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்துவிட்டது. டீச்சர் கைப்பையால் வாயை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. தச்சர் சாக்பீஸ் படிந்த முழங்காலோடு நடுத்தெருவில் நின்று இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார்.

“அப்ப நான் அளந்தது?” என்றார்.

“துல்லியம்!” என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

தேர்வு நாள் வந்தது. டிப்போ சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். ஏழு பேர் எழுதினார்கள். மீசை முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்; கைடு முழுக்க உள்ளே இருந்தது, சிந்திவிடக்கூடாதே என்ற கவலை.

பத்துக் கணக்கு, ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பெண். ஆறாவது கணக்குதான் எல்லாரையும் குப்புறத் தள்ளியது. மணிக்கு 72 கிலோமீட்டரில் பஸ் ஒரு வளைவைத் திரும்புகிறது. ஐம்பது மீட்டர் முன்னால் ஒரு லாரி பழுதாகி நிற்கிறது. டிரைவருக்குக் காலை மாற்ற ஒரு விநாடி. அதிகபட்ச எதிர்முடுக்கம் ஐந்து. பஸ் மோதுமா?

அவள் போட்டாள். எழுபத்திரண்டு என்றால் விநாடிக்கு இருபது. ஒரு விநாடிக்கு இருபது மீட்டர் போயாயிற்று. நிற்க நாற்பது. மொத்தம் அறுபது. பத்து மீட்டர் போதவில்லை; மோதும். கேட்டது அவ்வளவுதான். ஆனால் அவளால் பேனாவை வைக்க முடியவில்லை. அந்த பஸ்ஸில் ஆட்கள் இருந்தார்கள். இருக்கிறார்கள் என்று தாளில் எழுதியிருக்கவில்லை, அவளுக்குத் தெரிந்தது. அறுபதில் வந்திருந்தால்? போட்டுப் பார்த்தாள். விநாடிக்குப் பதினாறரைக்குக் கொஞ்சம் மேல். காலை மாற்றுவதற்கும் நிற்பதற்கும் சேர்த்து நாற்பத்துநாலரை மீட்டருக்குள். பதிலுக்குக் கீழே இப்படி எழுதினாள்: ‘மோதும். ஆனால் பன்னிரண்டு கிலோமீட்டர் குறைத்து அறுபதில் வந்திருந்தால், ஐந்து மீட்டருக்கு மேல் மிச்சம் வைத்து நின்றிருக்கும். முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத வளைவில் பிரேக்கை நம்பி வரக்கூடாது. வளைவுக்கு முன்னாலேயே குறைத்துவிட வேண்டும்.’

வெளியே வந்ததும் மீசை கேட்டார்: “ஆறாவதுக்கு என்ன எழுதின?”

“மோதும்னு. நீங்க?”

“கைடுல அது இல்லையே! ‘ஹாரன் அடிப்பேன்’னு எழுதிட்டேன்.”

பத்து நாள் கழித்து நேர்முகம். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த பொறியாளர் அம்மாள் அவளுடைய விடைத்தாளைப் புரட்டி, ஆறாவது கணக்கில் விரலை வைத்தார்.

“நாங்க கேட்காததுக்கும் பதில் எழுதியிருக்கீங்க.”

“ஆமாங்கம்மா. கேட்டிருக்கணும்னு தோணுச்சு.”

இரண்டு பக்கமும் இருந்தவர்கள் குனிந்துகொண்டார்கள். பொறியாளர் அம்மாள் சிரிக்கவில்லை, ஆனால் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “இந்தக் கணக்கெல்லாம் எதிர்முடுக்கம் மாறாம இருக்குன்னு வச்சுப் போடறது. நீங்க நிஜத்துல அப்படியா பிரேக் போடுவீங்க?”

“ஒரு நாளும் மாட்டேங்க. முதல்ல லேசாத் தொட்டு, இருக்கேன்னு சொல்லணும். அப்புறம்தான் அழுத்தம். நிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி காலை எடுக்காமலே தளர்த்தணும், இல்லன்னா எல்லார் தலையும் ஆடும்.” கையை மேசை ஓரத்தில் வைத்து அழுத்திக் காட்டினாள். “ஆனா கணக்குத் தப்புன்னு சொல்லமாட்டேன். எங்க ஆரம்பிக்கணும்னு அது சொல்லிடுது. எப்படி முடிக்கணும்னு கால் பார்த்துக்கும்.”

அன்றைக்கு மாலையே தெரிந்துவிட்டது. வேலை அவளுக்கு. மீசை வந்து முதல் ஆளாகக் கைகொடுத்தார். “எனக்கும் அந்த ஆறாவது கணக்கைச் சொல்லிக்குடு. ராத்திரியெல்லாம் அந்த லாரியே கண்ணு முன்னாடி நிக்குது” என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணிக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்; போனை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும்.

“கிடைச்சுடுச்சு அண்ணி!”

“எனக்குத் தெரியும்” என்றார் டீச்சர். “கணக்குல எத்தனை?”

“இருபத்தேழு.”

“முப்பதுக்கா? மூணு எங்க போச்சு? எது தப்பு?”

“தப்பில்ல. ஒண்ணை எழுதலை. கடைசிக் கணக்கு. யாரோ ஒருத்தன் மாடி உச்சிலேருந்து ஒரு கல்லைக் கீழே விடறான். மூணு விநாடியில தரைக்கு வருது, மாடி எவ்வளவு உயரம்னு. பஸ்ஸே இல்ல அண்ணி அதுல.”

மறுமுனையில் பேனா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

“அதோட, மாடிலேருந்து கல்லை விடறவனைப் பிடிச்சு ரெண்டு அறை விடாம, உயரம் கேட்டுக்கிட்டிருக்காங்க. கீழ யாராவது போனா? எனக்குக் கோபம் வந்துடுச்சு. விட்டுட்டேன்.”

“கல்லும் பஸ்ஸும் ஒண்ணுதான்டீ!” மூன்று வருஷத்தில், ஏன், கல்யாணமானதிலிருந்தே, டீச்சர் அவளை ‘டீ’ போட்டுக் கூப்பிட்டதில்லை. “அதுதான் இருக்கிறதுலயே சுலபமான கணக்கு! பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலரேட்டர், அவ்வளவுதான்! விநாடிக்குப் பத்துப் பத்தா வேகம் ஏறும். இப்பவே போடு. நான் போனை வைக்கமாட்டேன்.”

அவள் சுற்றிலும் தேடினாள். தாள் ஒன்றும் அகப்படவில்லை. கணவர் இழைத்து முடித்து வைத்திருந்த புதுப் பலகையில் அவருடைய பென்சிலாலேயே எழுத ஆரம்பித்தாள். பூஜ்யத்தில் ஆரம்பித்து மூன்று விநாடியில் முப்பது. பாதி பதினைந்து. மூன்று பதினைந்து…

“நாப்பத்தஞ்சு மீட்டர்.”

“சரி” என்றார் டீச்சர். “இப்ப சந்தோஷமா இரு.”

தச்சர் வந்து பலகையைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி இழைப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.